அண்ணியும் ஐந்து சினை மாடுகளும்

என் அண்ணிக்குப் பேச வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாடுகளோடு மணிக்கணக்கில் பேசுவாள். பால் வண்டிக்காரர் ஒருநாள் கொட்டகைக்கு வெளியே வந்து நின்று, உள்ளே விருந்தாளி யாரோ வந்திருக்கிறார்கள், பேச்சு முடியட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தார். மனிதர்களிடம்தான் அவளுக்கு வாய் பூட்டிக்கொள்ளும். அதிலும் தன்னைப் பற்றிய பேச்சு என்றால் சுத்தம். ஒருமுறை பசு மிதித்துக் கால் நகம் பெயர்ந்துபோனது. மூன்று நாள் கழித்து அவள் செருப்பைக் கழுவி வைக்கப்போன நான்தான் ரத்தத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, "ஆறிடுச்சு" என்றாள். ஆறியிருக்கவில்லை.

நான் புருஷன் வீட்டை விட்டு ஒரு பெட்டியோடு என் அண்ணன் வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வந்து நின்ற நேரத்தில் அண்ணி கொட்டகையில் இருந்தாள். அப்போதுதான் ஒரு கன்று பிறந்திருந்தது. என் பெட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். சீம்பால் நிரப்பிய புட்டியை என் கையில் கொடுத்து, தலை நிமிர்ந்த மாதிரி பிடித்துக்கொள், இல்லாவிட்டால் புரையேறும் என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு. ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று இன்றுவரை அவள் கேட்டதில்லை. அன்றிலிருந்து கன்றுகள் என் பொறுப்பு, மாடுகள் அவள் பொறுப்பு. கேட்காமல் விட்டாளே, அதற்காக அவளுக்கு நான் எது வேண்டுமானாலும் செய்வேன். ஆனால் இந்தக் கேட்காத, சொல்லாத பழக்கம் எங்கள் வீடு முழுக்கத் தொற்றிக்கொண்டு என்ன பாடு படுத்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் வீடு நெருக்கமான தெருவில் இருக்கிறது. முன்பக்கம் இரண்டே அறை; பின்பக்கம் மட்டும் நீளமாகப் போகும். அந்த நீளத்தில்தான் கொட்டகை. ஒன்பது மாடுகள் நிற்கலாம். தரையைச் சற்றுச் சரிவாகப் பூசியிருப்பதால் தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் வாய்க்காலுக்கு ஓடிவிடும். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கொட்டகை தெரியும். அடுப்பில் கை வேலையாக இருக்கும்போதே அண்ணி வால்களை எண்ணிக்கொண்டிருப்பாள். அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். முன்பு வேன் நின்ற அறைதான் இப்போது கன்றுகளுக்கு. வேன் தெருவில் வெயில் காய்கிறது.

ஈற்றுக் காலம் வந்துவிட்டால் அண்ணிக்கு வேறு உலகம் கிடையாது. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பால் கறப்பதை நிறுத்தி மாட்டுக்கு ஓய்வு கொடுத்துவிடுவாள். ஈனும் இடத்தைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவிட்டு, புது வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்புவாள். தன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு என் நகத்தையும் நீட்டச் சொல்லிப் பார்ப்பாள். வாலின் அடியில் இரண்டு பக்கமும் கையை வைத்து அழுத்தி, குழி விழுந்திருந்தால், நாளைக்கு என்பாள். பெரும்பாலும் நாளைக்கே ஆகும். கன்று விழுந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புளில் அயோடின் தொட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால். அந்த ஒரு மணி நேரம் தவறினால் அவள் என்னைப் பார்க்கும் பார்வையிலேயே நான் பாதியாகிவிடுவேன். அவள் கையில் பிறந்த கன்று எதுவும் கழிச்சல் கண்டு செத்ததில்லை. இதையும் அவள் சொல்ல மாட்டாள், நான்தான் சொல்கிறேன்.

போன வருஷம்வரை மாடும் செத்ததில்லை. சீமாட்டி என்று ஒன்று இருந்தது. நடையே அப்படி, யாரோ பின்னால் சேலைத் தலைப்பைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல நடக்கும். நான்காவது ஈற்று. நல்லபடியாகக் கன்று போட்டது. மறுநாள் மதியம் படுத்தது, எழவில்லை. கழுத்து ஒரு பக்கமாக வளைந்து, தலை விலாவில் சாய்ந்துவிட்டது. டாக்டர் வந்து ஊசியை எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது.

டாக்டர் எங்கள் வட்டாரத்துக்கெல்லாம் ஒரே கால்நடை மருத்துவர். கால் அளவுக்குச் சம்பந்தமில்லாத பெரிய ரப்பர் பூட்ஸும், சட்டென்று ஏறும் கோபமுமாக ஸ்கூட்டரில் வரும் அம்மாள். அன்றைக்கு இன்னும் இரண்டு வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. கையைக் கழுவிக்கொண்டே, இது பால் காய்ச்சல், உடம்பில் கால்சியம் இறங்கிவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பெயர்தான் காய்ச்சல். உடம்பு சுடாது, சில்லிட்டுப் போகும். கன்று போட்டதும் மடி பாலுக்காக ரத்தத்திலிருந்து கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும். மாட்டுக்கு நிற்கவும் தெம்பு இருக்காது. சரியான நேரத்தில் மருந்து ஏற்றினால் எழுந்து நடந்துவிடும். நேரம் தவறினால் இதயம் நின்றுவிடும்.

அண்ணி அழவில்லை. அந்த இடத்தை மூன்று முறை கழுவினாள். மறுநாள் விடிந்ததும் மிச்ச எட்டு மாடுகளையும் கறந்தாள். சீமாட்டியின் பெயரை அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. அண்ணனும் எடுக்கவில்லை. நான் எடுக்காததற்குக் காரணம் இருந்தது. செத்த அன்று காலையில் கன்றுக்குச் சீம்பால் வாங்கிப்போக வாளியோடு போனேன். சீமாட்டி பின்னங்காலை எடுத்து வைக்கும்போது லேசாகத் தள்ளாடியதைப் பார்த்தேன். ஈன்ற களைப்பு என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்போதே சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும். அதை அப்படியே மென்று விழுங்கிவிட்டேன், ஒரு வருஷமாகியும் செரிக்கவில்லை.

இந்த வருஷம் ஐந்து மாடுகள் சினை. ஒன்று தலைச்சன் கிடாரி, அதற்கு இதுதான் முதல் ஈற்று. மற்றவை ஊமை, வாலாட்டி, பொட்டு, ராங்கி. எனக்கு டாக்டர் சொன்ன அந்த ஒரு வரிதான் மனசில் சுற்றிக்கொண்டிருந்தது. கால்சியம் இறங்கித்தானே செத்தது? இறங்குவதற்கு முன்பே ஏற்றி வைத்துவிட்டால்? என் மூளை அவ்வளவு தூரம்தான் போகும். மருந்துக் கடையில் கால்சியம் தூள் வாங்கி, கன்றுகளின் பால் புட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சாயங்காலத் தவிட்டில் தினமும் மாட்டுக்கு ஒரு கைப்பிடி. அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் அந்தத் தள்ளாட்டத்தைச் சொல்ல வேண்டும்.

முதலில் கிடாரி ஈன்றது. தாயும் கன்றும் ஜம்மென்று இருந்தன. என் தூளின் மகிமை என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் ஊமை ஈன்றது, மறுநாளே படுத்துவிட்டது. டாக்டர் ஓடி வந்து மருந்து ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் எழுந்தது. தூள் போதவில்லை போலிருக்கிறது என்று மிச்ச மாடுகளுக்கு இன்னும் அரைக் கைப்பிடி கூட்டினேன். இதை எழுதும்போது என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

அதற்கடுத்து வாலாட்டி. அதுவும் ஈன்று ஒரே நாளில் தரையில். அதையும் டாக்டர் எழுப்பிவிட்டார், ஆனால் புருவம் சுருங்கிவிட்டது. தீவனத்தில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டார். அண்ணி இல்லை என்று தலையாட்டினாள். இல்லையே என்றேன் நான். டீ குடிக்க வந்திருந்த அண்ணன், நீங்கள் சொன்னதைத் தவிர ஒரு துரும்புகூட உள்ளே போகாது டாக்டர் என்றான். அன்றைக்கு அங்கே பொய் சொன்னது நான் ஒருத்திதான் என்று நினைத்துக் கூனிக்குறுகி நின்றேன்.

மூன்றாவதாகப் பொட்டு படுத்தது. நாங்கள் வைத்திருந்ததிலேயே பரம சாது. அதன் கழுத்து நரம்பில் மருந்து இறங்கி, காது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு பிடிக்கும்வரை டாக்டர் அங்கேயே நின்று பார்த்தார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் அப்போது பிள்ளைகளை வீட்டில் விடப் போயிருந்தான். நாங்கள் இரண்டு பேர்தான் எதிரில்.

"வரிசையா மூணு மாடு படுக்கறது தற்செயல் இல்ல," என்றார். "சினையா இருக்கறப்பவே யாரோ கால்சியம் குடுக்கறீங்க. மாட்டோட எலும்புல வேண்டிய மட்டும் கால்சியம் இருக்கு. ஆனா வாய்க்குத் தாராளமா வந்துக்கிட்டே இருந்தா, எலும்புல இருந்து எடுக்கறதையே உடம்பு மறந்துடும். கன்னு போட்டதும் மடி ஒரேயடியா கேக்கும். அப்ப எடுக்கத் தெரியாம விழுந்துடுது. கன்னு போட்ட பிறகு குடுங்க, முன்னாடி குடுக்கவே கூடாது. கிடாரிக்கு இளம் எலும்பு, அதான் தப்பிச்சது. யார் குடுத்தது?"

நல்லது செய்கிறேன் என்று மூன்று மாடுகளைத் தரையில் சாய்த்தது என் கை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நான்தான் டாக்டர். ரெண்டு மாசமா காலையில டானிக் குடுத்தேன்," என்றாள் அண்ணி.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. காலையில் அவள் டானிக், சாயங்காலம் நான் தூள். டாக்டர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அண்ணி முந்தானை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நானும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் அதற்குத்தான் முதல் இடம்.

மிச்சம் ராங்கி மட்டும். ஈனுவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இன்றோடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள், மூன்று வாரம் இருந்தால் நல்லது, இருக்கிற நாளை வைத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். ராங்கிக்கு ஆறாவது ஈற்று, பால் அதிகம். விழுந்தால் பொட்டுபோலச் சுலபத்தில் எழாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

டாக்டரின் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அண்ணி சொன்னாள்: "ராங்கி படுத்து எழுந்திருக்கலைன்னா நான் இனிமே மாடு வச்சுக்கல. எல்லாத்தையும் குடுத்துடலாம். என் கை சரியில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். காய் வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னாள். அவள் வருஷத்துக்கு ஒரு முடிவு எடுப்பாள், எடுத்தால் மாற்ற மாட்டாள். மாடு இல்லாத அண்ணியை நினைத்துப் பார்த்தேன். அடுப்படி ஜன்னலில் நின்றுகொண்டு வெறும் கொட்டகையைப் பார்க்கும் அண்ணி.

தூள் டப்பாவைக் குப்பையில் போட்டேன். வாயைத்தான் திறக்கவில்லை. நிறுத்தியாகிவிட்டது, இனி சொல்லி எந்த மாட்டுக்கு என்ன லாபம் என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். சாக்குக்கு என்னிடம் எப்போதுமே பஞ்சம் கிடையாது.

எட்டாவது நாள் மதியம். கன்று அறையைக் கூட்டிவிட்டு வாளியோடு கொட்டகைக்குள் நுழைந்தேன். ராங்கியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அண்ணன் வேன் டிரைவர் சட்டையோடு குனிந்து நின்றான். இடது கையில் ஒரு தகர டப்பா, வலது கையில் குச்சி. தொட்டியைக் கலக்கிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தான். மூன்றாவது பக்கம் நான் நின்றதைக் கவனிக்கவில்லை. டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தேன். கிளிஞ்சல் தூள். நயமாக அரைத்தது. கோழிக்குப் போடுவார்களே, அது. முழுக்கச் சுண்ணாம்புச் சத்து.

அவன் பேந்தப் பேந்த விழித்தான். எத்தனை நாளாக என்றேன். இரண்டு மாதமாக, நாளைக்கு இரண்டு வேளை என்றான். நான் போட்ட கத்தலில் மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. டாக்டர் நிறுத்தச் சொல்லி எட்டு நாளாகிறது, நீ மாட்டைக் கொல்லப் பார்க்கிறாயா என்றேன். என்னிடம் யார் சொன்னார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி. அண்ணி சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யார் யாரிடம் எதைச் சொன்னோம்?

"போன வருஷம் நான் வேன்ல இருக்கறப்ப அவ போன் பண்ணினா," என்றான் அண்ணன். "மாடு படுத்திருக்கு, டாக்டரைக் கூப்பிடுங்கன்னா. களைச்சுப் படுத்திருக்கும்னு நினைச்சு, பிள்ளைங்களை எறக்கி விட்டுட்டுக் கூப்பிடலாம்னு விட்டுட்டேன். ஒரு மணி நேரம். இதை அவகிட்ட எப்படிச் சொல்றது?"

அவன் கண் கலங்கியதும் எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் தள்ளாட்டக் கதையை அவனிடம் சொன்னேன். பிறகு யார் போய் அண்ணியிடம் சொல்வது என்று இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போலச் சண்டை போட்டோம். ராங்கி தின்ற கணக்கு டாக்டருக்குச் சரியாகத் தெரிந்தாக வேண்டும். மறைக்க வழியில்லை. தொட்டியைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு இரண்டு பேருமாக அடுப்படிக்குப் போனோம்.

அண்ணி புட்டிகளின் ரப்பர் காம்புகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். தூளைச் சொன்னேன், கிளிஞ்சலைச் சொன்னேன், தள்ளாட்டத்தைச் சொன்னேன், டாக்டர் திட்டும்போது வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சொன்னேன். அண்ணன் அந்த ஒரு மணி நேரத்தைச் சொன்னான். அண்ணி அடுப்பை அணைத்தாள். இடுக்கியால் காம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் பரப்பினாள். எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் எங்களைப் பார்த்தாள். அவள் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"கன்னு போட்ட அன்னிக்கு மடி கனக்குதேன்னு ஒரு சொட்டு விடாம ஒட்டக் கறந்தேன். அப்படிக் கறக்கக் கூடாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒரு வருஷமா நான்தான் அதைக் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். தனியா. நீங்க ரெண்டு பேரும் தினம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க."

அண்ணன் தலையைத் தொங்கப்போட்டான். எனக்குத் தரையைத் தவிர வேறு எதையும் பார்க்கத் துணிவில்லை. அவள் வேறு எதையும் சொல்லித் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

காம்புகளைத் துணியால் மூடிவிட்டு, "ராங்கிக்கு இன்னும் நாலு நாள் இருக்கு," என்றாள். "இனிமே இந்த வீட்டுல யார் எதைப் போட்டாலும், எதைப் பாத்தாலும் வாய் விட்டுச் சொல்லணும். தண்ணி வச்சாக்கூட."

டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தோம். மூன்று பேருமா என்று கேட்டார். சீமாட்டி செத்த அன்றைக்கு நான் நின்று முழுதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றார் பிறகு. அவருக்கும் அதில் ஒரு பங்கு இருந்திருக்கிறது, பாவம். ஈன்றதும் மடியை ஒட்டக் கறக்காதீர்கள், கன்றுக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள், காது சில்லிட்டால் படுக்கும்வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள் என்று மூன்று முறை சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சத்தம். வைக்கோல் போட்டாச்சு என்று நான் கத்துவேன். தண்ணீர் வைத்தாச்சு, அரைத் தொட்டி என்று அண்ணன் கத்துவான். ராங்கி மூத்திரம் போனதைக்கூட அண்ணி அடுப்படியிலிருந்து அறிவித்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, உங்கள் வீட்டில் யாருக்காவது காது போய்விட்டதா என்று விசாரித்தார். இல்லை, இப்போதுதான் வந்திருக்கிறது என்றேன்.

சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்பாகவே, காலை பத்து மணிக்கு ராங்கி ஈன்றது. கிடாரிக் கன்று, நல்ல எடை. அண்ணி கன்றுக்கு வேண்டிய சீம்பாலை மட்டும் கறந்துவிட்டுக் கையை எடுத்தாள். மடி கனத்துத் தொங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அவள் விரல் துடித்ததை நான் கண்டேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு ராங்கி தீவனத்திலிருந்து முகத்தைத் திருப்பியது. அண்ணி காதைத் தொட்டுப் பார்த்து, "சில்லுன்னு இருக்கு" என்று உரக்கச் சொன்னாள். நான் டாக்டருக்குப் போன் செய்தேன், அண்ணனுக்கும் செய்தேன். அவன் மதிய நடையை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தான். டாக்டர் வர அரை மணி ஆனது. அதற்குள் ராங்கி படுத்துவிட்டது. பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் இரண்டு புறமும் வைக்கோல் மூட்டைகளை முட்டுக் கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தோம்.

டாக்டர் காதில் குழாயை வைத்து இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். ஒரு புட்டி முடிந்தது. ராங்கி எழவில்லை. ஒரு மணி நேரம் பார்த்தோம், எழவில்லை. வேறொரு இடத்தில் ஒரு மாடு ஈன முடியாமல் தவிக்கிறது என்று அழைப்பு வந்தது. போய்விட்டு நாலு மணிக்கு வந்து இரண்டாவது புட்டி போடுகிறேன், ஒரே பக்கமாகப் படுத்தால் கால் செத்துவிடும், மாற்றி மாற்றிப் புரட்டுங்கள் என்றார். அதற்கும் எழாவிட்டால் என்று அண்ணன் கேட்டான். டாக்டர் பையை மூடிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

புரட்டினோம். ஐந்நூறு கிலோ மாட்டை மூன்று பேர் புரட்டுவதென்றால் என்னவென்று புரட்டியவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது தடவை முடிந்ததும் மூச்சு வாங்க வைக்கோலில் உட்கார்ந்தோம். அண்ணி ராங்கியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மாட்டோடு பேசுகிற அவள் அன்றைக்கு மாட்டிடம் ஒன்றும் பேசவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

பதினோரு வருஷத்தில் அவள் தன் பயத்தைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் சாணி ஒட்டிய கையோடு அவள் முதுகில் கை வைத்தான். எனக்கும்தான் அண்ணி என்றேன்.

"இது எழுந்திருக்கலைன்னா," என்றாள், "மூணு பேரும் சேர்ந்து பண்ணினது. நான் மட்டும் இல்ல. சரியா?"

"சரி அண்ணி."

"வாய் விட்டுச் சொல்லு."

"மூணு பேரும்தான். நீங்க மட்டும் இல்ல," என்றேன். அண்ணனும் சொன்னான். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரு வருஷமாக அவள் தோள் தூக்கியபடியே இருந்திருக்கிறது. அது இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றரை மணி இருக்கும். ராங்கியின் தோள் பக்கத்தில் தோல் நடுங்கியது. பார்த்துவிட்டேன் என்றேன். நானும் பார்த்தேன் என்றான் அண்ணன். நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. வால் உயர்ந்தது. அந்த வாரத்துக்கே சேர்த்துச் சாணம் போட்டது, முழுதும் அண்ணனின் கால்சட்டை மேல். அவன் அசையவில்லை. உடம்பு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. ராங்கி முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, பாதியில் தொப்பென்று விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடி தூக்கியது. கண்ணைத் திறந்தபோது நான்கு காலில் நின்றுகொண்டிருந்தது, கால் வெலவெலக்க, முகத்தில் எரிச்சலோடு.

அண்ணி அதன் விலாவில் நெற்றியை வைத்து நின்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். சத்தம் இல்லாத அழுகை இல்லை. அடி வயிற்றிலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி, வாய் விட்டு. சீமாட்டி, சீமாட்டி என்று பெயர் சொல்லி அழுதாள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், அவன் தோளும் குலுங்கியது. நான் எதையும் மறைக்கவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு நன்றாகவே அழுதேன்.

டாக்டர் அப்போதுதான் தெருவில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். எங்கள் சத்தம் கேட்டதும் மாடு போய்விட்டது என்று நினைத்து, அந்தப் பெரிய பூட்ஸ் தடதடக்கப் பின்பக்கம் ஓடி வந்தார். வாசலில் அப்படியே நின்றுவிட்டார். ராங்கி தீவனத் தொட்டியில் தலையை விட்டு வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

"அதான் எழுந்துடுச்சே, அப்புறம் எதுக்கு அழறீங்க?" என்றார் டாக்டர்.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இது போன வருஷத்து மாட்டுக்கு, டாக்டர்."